கேட்டில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டின பிறகு நான் அலைந்த அலைச்சல்

முதல் தப்பு என்னுடையதுதான். 2024 அக்டோபரில், வீட்டின் பேரில் வாங்கின கடனுக்காக வங்கி அனுப்பின தபாலைத் தபால்காரர் நீட்டினபோது, "கையெழுத்துப் போடாதே, வாங்கினாத்தானே கேஸ் நிக்கும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். பத்து நாளில் அதே நோட்டீஸை எங்கள் கேட்டில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பால்காரர், மீன் கொண்டு வருகிற அம்மா, டியூஷன் பிள்ளைகள் எல்லாரும் வாசித்தாயிற்று. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டவும் பேப்பரில் போடவும் சர்ஃபேசி சட்டத்தில் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்க வழி செய்கிற சட்டம்) இடம் இருக்கிறது, அது எனக்குத் தெரியாது. தபால் வந்தால் வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் வேலை போய் ஐந்து மாசத் தவணை நின்றிருந்தது, மாசம் 14,200. 90 நாள் தாண்டினாலே கணக்கு வாராக்கடன். நோட்டீஸில் கேட்டது அந்த ஐந்து மாசத்தை அல்ல, மொத்தக் கடன் 11 லட்சத்துச் சொச்சத்தையும், 60 நாளில். பயத்தில் வளையலை அடகு வைத்து இரண்டு தவணை, 28,400 ரூபாய், கட்டிவிட்டு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, நின்றுபோன தவணைப் பாக்கி முழுவதும் கட்டினால்தான் கணக்கு வாராக்கடனிலிருந்து வெளியே வருமாம், ரிசர்வ் வங்கி 2021 நவம்பரிலேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கவுண்டரில் நோட்டை எண்ணி வாங்கினவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டு தக்கலைக் கிளைக்குப் போனால், "ஃபைல் நாகர்கோவில் போயாச்சு" என்றார்கள். கொட்டுகிற மழையில் பஸ் பிடித்து நாகர்கோவில் போனால், "லெட்டர் எல்லாம் உங்க கிளையிலதான் கொடுக்கணும்" என்றார் ஒருவர், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மறுநாள் கிளையில் மேனேஜர் லீவு. கடிதத்தை வாங்கினதற்குச் சீல் போட்டுத் தாருங்கள் என்று கேட்டதற்கு அங்கிருந்த கிளார்க் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எரிகிறது.

வயிற்றெரிச்சலோடு நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் இருக்கிற இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் உதவி உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும். அங்கிருந்த வக்கீலம்மா, "மக்களே, கையில கொடுக்க அலையாதே, ஒப்புகை அட்டையோட ரிஜிஸ்தர் தபால்ல போடு" என்றார். (அப்போது ரிஜிஸ்தர் தபால் தனியாக இருந்தது, 2025-ல் அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்.) 60 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளில் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். அதையும் விட்டு, வீட்டைச் சுவாதீனம் எடுத்ததாக நோட்டீஸ் வந்துவிட்டால் 45 நாளுக்குள் மதுரையில் இருக்கிற கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு ஓட வேண்டும், "அதுவரைக்கும் போக விடாதே" என்றார்.

தபாலில் போட்டேன். பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது, பாக்கியை மூன்று தவணையாகக் கட்டலாம் என்று. கூடவே கணக்கு விவரமும் கேட்டு வாங்கினேன், கட்டாயம் வாங்குங்கள், ஏனென்றால் அபராதத் தொகைக்கு மேலேயும் வட்டி ஏற்றி வைத்திருந்தார்கள். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி அப்படிச் செய்யக்கூடாது. அதை எழுதிக் கேட்டதும் 3,800 ரூபாய் குறைந்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் அன்றைக்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

நடுவில் வசூல் ஆள் ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட்டு, "ரொக்கமா ஒரு இருபதாயிரம் தந்தா நான் பேசி முடிக்கேன்" என்றார். காலை எட்டுக்கு முன்னாலும் மாலை ஏழுக்குப் பிறகும் அவர்கள் கூப்பிடவே கூடாது என்று சொன்னதும் போனை வைத்துவிட்டார். இவர்கள் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், கணக்கில் மட்டும் கட்டுங்கள்.

மிச்சத்துக்கு மைனி தன் சீட்டை எடுத்துத் தந்தார். ஜனவரியில் பாக்கி தீர்ந்தது. நோட்டீஸை வாபஸ் வாங்கினதாகக் கடிதம் கேட்டால், "கணக்கு ரெகுலர் ஆயிட்டே, லெட்டர் எதுக்கு" என்றார் அதே கிளார்க். மூன்றாவது தடவை போனபோது கொடுத்தார். வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தால் கதவு எண் தப்பு. திங்கட்கிழமை மறுபடி போகணும்.