அட்மிரல் டோகோவைக் காணவில்லை

ஜப்பானின் யோகோசுகாவில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா மிகாசா போர்க்கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார். நிஜ மிகாசா இதே ஊரில்தான், 1926 முதல் கரையோரம் கான்கிரீட்டில் பதிந்து நிற்கிறது. டிக்கெட் வாங்கினால் உள்ளே சுற்றிப் பார்க்கலாம். தாத்தாவுக்கு அது போதவில்லை. 350இல் ஒரு பங்கு அளவில், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, சாப்பாட்டு மேசை மேல் ஒன்று வேண்டியிருந்தது.

வேலைப்பாட்டைக் குறை சொல்லவே முடியாது. தளத்துக்கு நிஜ மரச் சீவல். கைப்பிடிக் கம்பிகள் காகிதத்தைவிட மெல்லிய பித்தளை. கொடிமரக் கயிறுகளுக்குப் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி, மயிரிழையாக இழுத்திருந்தார். 12 அங்குலப் பீரங்கிகள் நான்கும் அழகாகத் திரும்பும். "குளியலறைத் தாழ்ப்பாள்தான் திரும்ப மாட்டேன் என்கிறது" என்பார் பாட்டி.

தாத்தாவின் உயிர் முழுக்க மேல்தளத்தில் இருந்தது. 1905 மே 27, ரஷ்யக் கடற்படையை ஜப்பான் தோற்கடித்த சுஷிமா போர். குண்டுச் சிதறல் படாமலிருக்க மாலுமிகளின் தொங்கு படுக்கைகளைச் சுருட்டித் தளத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதையும் ஒவ்வொன்றாக உருட்டி ஒட்டியாயிற்று. நடுவில் அன்று ஜப்பானியக் கப்பல்களை நடத்திய அட்மிரல் டோகோ. உயரம் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. வாள், நரைத்த தாடி, கழுத்தில் ஜெர்மனிப் பைனாகுலர் எல்லாம் உண்டாம். பைனாகுலர் எங்கே என்று கேட்டால் பூதக்கண்ணாடியைக் கொடுப்பார். அதிலும் தெரியாது. தெரிகிறது என்று சொல்லிவிடுவது நல்லது.

அது மார்ச் மாதம். தேவதாரு மகரந்தம் பறந்து ஊரே தும்மும் காலம். மாஸ்க் இல்லாமல் யாரும் மேசைப் பக்கம் வரக்கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது, பேசினாலும் சுவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று உத்தரவு. "இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் நிஜக் கப்பல் மேலேயே நடனக்கூடம் வைத்து ஆடினார்கள். இதற்குப் பக்கத்தில் மூச்சுவிடக் கூடாதாம்" என்றார் பாட்டி, சுவரைப் பார்த்து.

என் பையனும் நானும் பார்க்கப் போயிருந்தபோது தாத்தாவின் கண்ணாடியில் ஆவி படிந்தது. மாஸ்க்கைக் கழற்றினார். தும்மினார்.

சுஷிமாவில் மிகாசா மீது முப்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. உள்ளே வாருங்கள் என்று அதிகாரிகள் கெஞ்சியும் டோகோ அந்தத் திறந்த தளத்தைவிட்டு நகரவில்லை. இங்கே ஒரே தும்மலில் ஆள் இல்லை.

நான்கு பேரும் தவழ்ந்தோம். செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால் தூசிக்குக்கூட நிழல் விழும் என்று தாத்தா சொல்லித் தந்தார். நிழல்கள் ஏராளமாக விழுந்தன, பாட்டிக்குத்தான் கோபம் வந்தது: "என் வீட்டில் தூசி இருக்கிறது என்கிறீர்களா?" அப்புறம் வாக்குவம் கிளீனர் வாயில் பழைய ஸ்டாக்கிங்கை மாட்டி இழுத்துப் பார்த்தோம். பழைய கப்பல் ஒன்றின் நங்கூரம், இரண்டு அரிசி, ஒரு காது கம்மல் கிடைத்தன. கம்மலைப் பார்த்ததும் பாட்டி தேடுவதை நிறுத்திவிட்டார்.

"வேறு யாருக்காவது பதவி உயர்வு கொடுங்களேன்" என்றான் பையன். தாத்தா முதலில் முறைத்தார். அப்புறம் பெட்டியில் மிச்சமிருந்த ஒரு மாலுமியை எடுத்துத் தாடி வரைந்து, வாள் கொடுத்து, இந்த முறை சூப்பர் பசையால் ஒட்டிவிட்டார். எந்தத் தும்மலும் இனி அசைக்காது.

துணி துவைக்கப் போட்டபோது பாட்டியின் காலுறையில் டோகோ ஒட்டிக்கொண்டிருந்தார், வாளோடு. புதியவரைப் பிய்த்தால் தளமும் சேர்ந்து வரும். ஒரு கப்பலில் இரண்டு அட்மிரல் டோகோக்கள் நிற்க முடியாது. தாத்தா ஒரு ராத்திரி முழுக்க யோசித்து வழி கண்டுபிடித்துவிட்டார். 1894இல் டோகோ நானிவா என்ற கப்பலுக்குக் கேப்டனாக இருந்தவர். ஆகவே நானிவாவைக் கட்டி அதில் ஏற்றிவிடலாம்.

"அப்போது அவருக்குத் தாடி நரைத்திருந்ததா?" என்று கேட்டார் பாட்டி.

தாத்தா இப்போது கறுப்புப் பெயிண்ட் வாங்கப் போயிருக்கிறார்.