யூனிட்டில் கொடுக்கும் மனு: கம்பெனி ஆபீசிலிருந்து தீர்ப்பாயம் வரை

புளியந்தோப்பு, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் லீவில் வரும்போது கொண்டுவரும் குறை மனுக்களை, முன்னாள் ராணுவக் கிளார்க்குகளும் ஜேசிஓக்களுமாக (சிப்பாய்க்கும் ஆபீசருக்கும் இடைப்பட்ட ரேங்க்) நாங்கள் சிலர் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறோம். விஷயம் பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும். கெடுவது எழுதிய விதத்திலும் கொடுத்த விதத்திலும்தான். கம்பெனி (யூனிட்டின் ஒரு பிரிவு) ஆபீசில் கொடுக்கும் அந்த ஒரு தாள் பிற்பாடு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் (படையினரின் பணி வழக்குகளை விசாரிக்கும் இடம்) இணைப்பாக வரும் என்ற நினைப்போடு எழுதினால், இந்தச் சிக்கல்களில் பெரும்பகுதி வராது.

முதலில் எந்தப் படை என்று பார்க்க வேண்டும். ராணுவத்தில் சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை மனு கொடுக்க வழி 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, ஆபீசர்களுக்கு 27. விமானப்படைச் சட்டத்திலும் இதே எண்கள்தான். கடற்படைக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. அதில் செய்லருக்கும் (கடற்படை வீரர்) ஆபீசருக்கும் ஒரே வழி. பதில் திருப்தியில்லை என்றால் மனு மத்திய அரசு வரை போக விதிகளில் இடம் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அக்னிவீரர்களும் அந்தந்தப் படைச் சட்டத்தின் கீழ்தான். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப், கோஸ்ட் கார்டு இவர்களுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் கிடையாது. துறைக்குள் முடியாவிட்டால் உயர் நீதிமன்றம்தான். ஆவடியில் சிஆர்பிஎஃப் கேம்ப் இருப்பதால் இந்தக் குழப்பத்தோடு வருகிறவர்கள் அதிகம்.

அடுத்து, புகார் எதைப் பற்றியது? 2007ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் தன் வரம்பிலிருந்து சிலவற்றை வெளியே வைத்திருக்கிறது: எந்த வகை லீவும், போஸ்டிங்கும் இடமாற்றமும், டிஸ்மிஸலோ 3 மாதத்துக்கு மேல் சிறையோ இல்லாத சம்மரி கோர்ட் மார்ஷலும் (யூனிட்டிலேயே நடக்கும் சுருக்க ராணுவ விசாரணை). அதாவது, தங்கச்சி கல்யாணத்துக்கு லீவ் தரவில்லை என்ற புகாரை யூனிட்டுக்குள்ளேதான் ஜெயிக்க வேண்டும். அதற்கு மனுவை விட சிஓ (யூனிட்டின் தலைமை அதிகாரி) இன்டர்வியூ வேகமானது. சீனியர் ஜேசிஓ வழியாக இன்டர்வியூ கேட்டு, கல்யாணப் பத்திரிகையோ ஆஸ்பத்திரிச் சீட்டோ கையில் வைத்துக்கொண்டு போய் நின்றால் பல லீவ் விவகாரம் அங்கேயே தீர்ந்துவிடும். கடற்படையில் இதையே டிவிஷனல் ஆபீசர் வழியாக ரிக்வெஸ்ட் என்று போடுவார்கள். சைனிக் சம்மேளனில் (யூனிட்டில் எல்லோரையும் கூட்டிப் பேசும் கூட்டம்) எழுந்து சொல்லலாமா என்று கேட்பார்கள். ரேஷன், குவார்ட்டர்ஸ் தண்ணீர், கேன்டீன் போன்ற எல்லோருக்கும் பொதுவான குறைகளுக்கு அது சரியான இடம். உங்களுக்கும் ஓர் ஆபீசருக்கும் நடுவில் உள்ளதை அங்கே அவிழ்க்காதீர்கள்.

ப்ரமோஷன், சீனியாரிட்டி, சம்பளம், பென்ஷன், ஏசிஆர் (ஆண்டு ரகசிய அறிக்கை), தண்டனைப் பதிவு, டிஸ்சார்ஜ் என்றால் மனு எழுதத்தான் வேண்டும்.

26ஆவது பிரிவின் ஏணி நேரானது. கம்பெனியில் இருப்பவர் கம்பெனி கமாண்டரிடம் கொடுக்க வேண்டும். புகார் அந்தக் கமாண்டர் மீதே என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் கொடுக்கலாம். வாங்கியவர் முழு நிவாரணம் தரும் அளவுக்கு, முடிந்தவரை முழுமையாக விசாரிக்க வேண்டும். தேவைப்பட்டால் மேலே அனுப்ப வேண்டும். படைத் தலைமைத் தளபதியின் முடிவே கடைசி; அதை மாற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும். இதில் அதிகம் நடக்கும் தவறு, ஆத்திரத்தில் எடுத்த எடுப்பிலேயே டெல்லிக்கு எழுதுவது. அந்தக் கடிதம் மேலிருந்து கீழே யூனிட்டுக்கே அறிக்கை கேட்டு வரும். சிஓ மேஜையில் வரும்போது “முறையான வழியில் வரவில்லை” என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும்.

வீட்டிலிருந்து அம்மாவோ மனைவியோ எழுதுவதும் அப்படித்தான். மத்திய அரசின் குறைதீர் இணையதளமான சிபிகிராம்ஸில், அரசு ஊழியரின் பணி விவகாரங்களைத் துறை வழிகளை முடிக்காமல் எடுத்துக்கொள்வதில்லை. வெளி ஆளை வைத்து அழுத்தம் கொடுக்கிறார் என்று உங்கள் மேலேயே திருப்புவதற்கும் அது ஒரு சாக்கு. அதே போல நாலு பேர் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. வெளியில் ஊர் மக்கள் மனுவுக்கு நூறு கையெழுத்து பலம். பட்டாளத்தில் இரண்டாவது கையெழுத்து விழுந்த நிமிடம் அது கூட்டு நடவடிக்கை ஆகிவிடும். குறை ஒன்றே என்றாலும் ஆளுக்கொரு தாள், அவரவர் வாசகத்தில்.

இனி எழுதும் வேலை. லீவில் வரும் பிள்ளைகள் உட்கார்ந்ததும் கேட்பது இதுதான்: “சாப், மெஸ் சாப்பாட்டுல ஆரம்பிச்சு எல்லாத்தையும் எழுதிடட்டுமா?” வேண்டாம் தம்பி, ஒரு மனுவுக்கு ஒரு விஷயம்தான். முதலில் தமிழில், பள்ளி நோட்டிலேயே, மூன்று பத்தி கட்டம் போடச் சொல்வோம்: தேதி, நடந்தது, அதற்கான காகிதம். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் வரிகளில் பாதியை அடித்துவிடலாம். மீதிக்கு யார் சாட்சி என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் இங்கிலீஷ். பாரிமுனையில் டைப் செய்யக் கொடுத்தாலும் சரி, யூனிட் கிளார்க் எழுதினாலும் சரி, வரிக்கு வரி படித்து அர்த்தம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு ரெட் இங்க் என்ட்ரி (சர்வீஸ் பதிவில் சிவப்பு மையில் ஏறும் தண்டனை) மனுவை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக இப்படி எழுதி வருவார்கள்: “கம்பெனி கமாண்டர் என் மீது வன்மம் கொண்டு, என் வாழ்க்கையைக் கெடுக்கும் நோக்கத்தோடு தண்டித்துவிட்டார்.” இதில் நிரூபிக்கக் கூடியது எதுவும் இல்லை. அதோடு ஆபத்தும் இருக்கிறது. ராணுவச் சட்டத்தின் 56ஆவது பிரிவின்படி, பொய் என்று தெரிந்தே புகாரில் ஒருவர் நடத்தையைப் பழித்து எழுதினாலோ, முக்கிய விவரத்தை வேண்டுமென்றே மறைத்தாலோ 5 ஆண்டு வரை சிறை. அதே விஷயத்தை இப்படி எழுதலாம்: “குற்றச்சாட்டு விசாரிக்கப்பட்டபோது எனக்கு எதிராகச் சொன்ன சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யக் கேட்டேன், அனுமதிக்கவில்லை. ராணுவ விதி 22 எனக்கு அந்த உரிமையைத் தருகிறது.” தேதி, நேரம், அறையில் இருந்தவர்களின் ரேங்க் சேர்த்துவிட்டால் போதும். வன்மம் இருந்ததா இல்லையா என்பதை மேலே படிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

கோர்ட் ஆஃப் இன்கொயரியில் (நடந்த சம்பவம் பற்றிய உள் விசாரணை) பெயர் அடிபட்டிருந்தால் ராணுவ விதி 180ஐப் பாருங்கள். ஒருவருடைய நடத்தைக்கோ ராணுவ நற்பெயருக்கோ பாதகம் வரக்கூடிய விசாரணை என்றால், அவர் முழு நேரமும் உள்ளே இருக்கவும், சாட்சிகளைக் கேள்வி கேட்கவும், தன் பக்கத்தைச் சொல்லவும் வாய்ப்புத் தர வேண்டும். விதி 184, நடவடிக்கைகளின் நகல் பெறுவது பற்றியது. அங்கேயே, அப்போதே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். கேட்டதற்குத் தாள் இல்லையென்றால், “அவர் கேட்கவே இல்லை” என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது காட்ட எதுவும் இருக்காது. நாலு ரெட் இங்க் ஆனால் தானாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயமுறுத்துவதும் சட்டமல்ல. 2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம், முதற்கட்ட விசாரணை இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்து டிஸ்சார்ஜ் செய்ய முடியாது என்று சொல்லியிருக்கிறது.

மனுவின் கடைசிப் பத்திதான் பலர் சறுக்கும் இடம். “தகுந்த நீதி வழங்க வேண்டும்” என்று முடித்தால் எதைத் தருவது? என்ட்ரியை ரத்து செய்து கான்டக்ட் ஷீட்டிலிருந்து (நடத்தைப் பதிவுத் தாள்) நீக்க வேண்டும். அதற்கான பார்ட் டூ ஆர்டர் (ரெக்கார்ட் ஆபீசில் பதிவை மாற்ற வைக்கும் யூனிட் உத்தரவு) வெளியிட வேண்டும். தள்ளிப்போன ப்ரமோஷனை ஜூனியருக்குக் கிடைத்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். சம்பள நிலுவை வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பார்ட் டூ ஆர்டரைக் கேட்க மறந்தால், யூனிட்டில் ரத்தான தண்டனை ரெக்கார்ட் ஆபீசில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அடுத்த ப்ரமோஷன் போர்டு பார்ப்பது அந்த ரெக்கார்டைத்தான்.

நாலு செட் எடுங்கள்: அசல், ஆபீசுக்கு ஒரு நகல், கையெழுத்து வாங்க ஒன்று, வீட்டுக்கு ஒன்று. நகலில் தேதியோடு கையெழுத்துப் போட ஹெட் கிளார்க் தயங்குவார், அது சகஜம். மேலே அனுப்பிய கடித எண்ணையும் தேதியையும் மட்டுமாவது கேட்டு வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் அதே மனுவை, பதவிப் பெயருக்கு, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்ப வேண்டியதுதான். 56 ஏபிஓ, 99 ஏபிஓ போன்ற ராணுவத் தபால் முகவரிகளுக்கு அனுப்பினால் இணையத்தில் தடம் பெரும்பாலும் ராணுவத் தபால் கையில் சேர்ந்ததோடு நின்றுவிடும். யூனிட்டில் சேர்ந்ததைக் காட்ட ஒப்புகைதான் வேண்டும். தபால் ரசீது வெப்பத்தில் அச்சான தாள். சென்னை வெயிலில் சில மாதத்தில் வெளுத்துப் போகும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

பதில் வராமல் இழுத்தால், 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு: மனு எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போனது, இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். “ஏன் தாமதம்” என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். பதிலுக்கு 30 நாள். பிஎஸ்எஃபுக்கு ஆர்டிஐயிலிருந்து இருப்பது போன்ற விலக்கு ராணுவத்துக்குக் கிடையாது.

காலக்கெடுவின் கடிகாரம் தீர்ப்பாயச் சட்டத்தின் 21, 22ஆவது பிரிவுகளில் இருக்கிறது. மனு கொடுத்து 6 மாதம் வரை முடிவு வராவிட்டால், துறை வழி முடிந்ததாக எடுத்துக்கொண்டு தீர்ப்பாயம் போகலாம். அதிலிருந்து அடுத்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். ஜனவரி 10இல் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லையென்றால் ஜூலை 10க்குப் பிறகு கதவு திறக்கும். அடுத்த ஜனவரி 10 வாக்கில் மூடும். முன்னதாகவே நிராகரிப்பு வந்துவிட்டால் அந்த உத்தரவிலிருந்து 6 மாதம். நினைவூட்டல் கடிதங்கள் இந்தக் கணக்கை நீட்டாது, எஸ்.எஸ். ராத்தோர் வழக்கில் 1989லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. போதுமான காரணம் காட்டினால் தீர்ப்பாயம் தாமதத்தை மன்னிக்கலாம், ஆனால் ‘யூனிட்டில் பார்க்கிறோம் என்றார்கள்’ என்பதைக் காரணமாக நம்பிப் போகாதீர்கள். நிராகரிப்பு “பரிசீலிக்கப்பட்டது, தகுதியில்லை” என்று ஒரே வரியில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். காரணம் சொல்லாத உத்தரவு என்பதே ஒரு வாதம்; காரணத்தோடு மறுபடி முடிவெடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பும் வாய்ப்பு உண்டு.

இதற்கு நடுவில் வீடியோ எடுத்துப் போடும் யோசனை யாருக்காவது வரும். 2017 ஜனவரியில் அப்படிச் சில வீடியோக்கள் பரவியபோது, அன்றைய ராணுவத் தளபதி பிபின் ராவத் புகார்ப் பெட்டிகளை அறிவித்தார், பிறகு ஒரு வாட்ஸ்அப் எண்ணும் வந்தது. அதற்காக ராணுவ விதி 21 தளர்ந்துவிடவில்லை: அனுமதியில்லாமல் பணி விஷயத்தை வெளியிடுவது தனிக் குற்றம். உங்கள் புகார் ஒரு ஓரத்தில் நிற்க, வீடியோ பற்றிய விசாரணை முதலில் நடக்கும்.

தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையில் எல்லோரும் வழக்குப் போட முடியாது. பணியில் இருப்பவர் இப்போது போஸ்டிங்கில் இருக்கும் இடமோ கடைசியாக இருந்த இடமோ, விவகாரம் முழுதாகவோ ஓரளவோ நடந்த இடமோ, அந்தக் கிளைக்குத்தான் போக வேண்டும். ஜம்முவில் இருப்பவருக்கு வீடு ராயபுரத்தில் இருப்பது மட்டும் போதாது. ரிட்டயர்டு, டிஸ்சார்ஜ், டிஸ்மிஸ் ஆனவர்கள் குடியிருக்கும் ஊர்க் கிளையைத் தேர்ந்தெடுக்கலாம். வக்கீல் வைக்கலாம், தானே வாதாடவும் செய்யலாம். அங்கே தோற்றால் நேராக உச்ச நீதிமன்றம்தான் என்று 2015இல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு பலர் நினைத்திருந்தார்கள். பரஷோத்தம் தாஸ் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம், தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகும் வழி அடைபடவில்லை என்று தெளிவாக்கியது. வடசென்னைக்காரருக்கு அது பாரிமுனை வரை ஒரு பஸ் தூரம்.

பணியில் இருப்பவர் வழக்குப் போடும் முடிவோடு லீவில் வந்திருந்தால், வக்காலத்து, அபிடவிட் கையெழுத்துகளை லீவின் முதல் வாரத்திலேயே முடியுங்கள். அபிடவிட்டில் நோட்டரி முன் கையெழுத்துப் போட ஆள் நேரில் வேண்டும். நகல்களில் தேதி மங்கலாக இருந்தால் ரெஜிஸ்ட்ரி குறை சொல்லித் திருப்பும். திருத்திக் கொடுக்க வீட்டில் ஒரு தெளிவான செட்டை, பக்க எண் போட்டு, விவரம் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.