பிரஷர் இலக்கு: ஒரு வாரக் குறிப்புகள்

மார்ச் 3
ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (சிஸ்டாலிக்) 120-க்குக் கீழ் வரவேண்டும் என்ற பேச்சு 2015-இல் வந்த ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க ஆய்விலிருந்து வலுத்தது. அந்த 120-ஐ எப்படி அளந்தார்கள் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து, சராசரி எடுத்தார்கள். நடந்து வந்த மூச்சு அடங்குமுன் ஒரே தடவை பார்த்த 138-ஐ அந்த 120-உடன் ஒப்பிட்டு மாத்திரையைக் கூட்டுவது தவறு. சர்க்கரை நோயாளிகளும் பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.

மார்ச் 4
இன்று கைப்பட்டை, அதாவது பிரஷர் பார்க்க மேற்கையில் கட்டும் பட்டை. உள்ளே இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வரவேண்டும். 36 செ.மீ. கைக்கு 22–32 செ.மீ. பட்டையைக் கட்டினால் அளவு பொய்யாக ஏறும். சட்டைக்கு மேல் கட்டாதீர்கள். கையை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில் வையுங்கள், 10 செ.மீ. கீழே தொங்கினாலே சுமார் 8 கூடிவிடும். கால்மேல் கால் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

மார்ச் 6
வீட்டு அளவு: ஏழு நாள், காலை இரண்டு, மாலை இரண்டு, நடுவில் ஒரு நிமிடம். காலையில் சிறுநீர் கழித்தபின், மாத்திரைக்கு முன். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் 24 அளவுகளுக்கும் சராசரி. வீட்டில் 135/85 என்பது மருத்துவமனையின் 140/90-க்குச் சமம்.

மார்ச் 8
ஒரே மருந்தை இரட்டிப்பாக்கினால் பலன் கொஞ்சம்தான் கூடும், பக்கவிளைவோ நன்றாகவே கூடும். வேறு வகை மருந்தைக் குறைந்த அளவில் சேர்ப்பது பெரும்பாலும் நல்லது. அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்தால் கணுக்கால் வீங்கினால் நீர் மாத்திரை அதிகம் உதவாது. அளவைக் குறைத்து டெல்மிசார்டான் போன்ற வேறு வகை பிரஷர் மருந்தைச் சேர்த்தால் வீக்கம் தணியும். டெல்மிசார்டானைத் தொடங்கிய சில வாரத்தில் ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்கவேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பதறி நிறுத்தவேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு இந்த வகை கூடவே கூடாது. எனாலபிரில் என்ற இன்னொரு பிரஷர் மருந்தையும் டெல்மிசார்டானையும் சேர்த்துத் தராதீர்கள்.

மார்ச் 9
வயதானவர்களுக்கு இலக்கை இறக்குமுன் நிற்கவைத்துப் பாருங்கள்: எழுந்த முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும். மேல் அளவு 20 இறங்கினால் அடுத்த மாத்திரையை எழுதாமல், ஏற்கெனவே இருக்கும் மருந்துச் சீட்டை முதலில் பாருங்கள். புராஸ்டேட்டுக்குத் தந்த டாம்சுலோசின் அதில் இருக்கலாம், எழும்போது பிரஷரை இறக்குவது அதுவாக இருக்கலாம்.