எழுத்துக்கு முன்னும் பின்னும் ஒலித்த குரல்

இயேசு சிலுவையில் அறையப்பட்டது ஏறத்தாழ கி.பி. 30இல். நான்கு சுவிசேஷங்களுள் மிகப் பழையது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதும் மாற்கு எழுதப்பட்டது 70ஐ ஒட்டி. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் இயேசுவைப் பற்றி வாய்மொழியாகச் சொல்லப்பட்டவை எல்லாமே திரிந்துபோயிருக்கும் என்று ஒரு சாராரும், ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று மறுசாராரும் வாதிடுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். வாய்மொழி மரபு என்பது ஏடு கிடைக்கும்வரை வேறு வழியின்றிக் கையாண்ட ஏற்பாடு என்னும் எண்ணம் இரு தரப்பிலும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆதித் திருச்சபை நம்பியது குரலைத்தான், சுவிசேஷங்கள் எழுதப்பட்ட பிறகும்கூட.

இதற்கான மிகப் பழைய சான்று, 50களின் நடுவில் எபேசுவிலிருந்து அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. "நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்" என்று தொடங்கி, கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், கேபாவுக்குத் (பேதுருவுக்குத்) தரிசனமானார் என்று சிறு சிறு தொடர்களாக அவர் அடுக்குகிறார். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் இதன் கட்டமைப்பு உடனே புலப்படும்: "வேதவாக்கியங்களின்படி" என்பது இருமுறை வந்து மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் இணைக்கிறது, ஒவ்வொரு தொடரும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் அளவுக்குக் குறுகியது. இது பவுல் அப்போது இயற்றிய உரைநடை அல்ல, தாம் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்ட பாடம். மனம் மாறி மூன்று ஆண்டுகளுக்குப் பின் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவுடன் 15 நாள் தங்கியதாக அவரே கலாத்தியருக்கு எழுதுகிறார். அந்தப் பாடத்தை அவர் பெற்றது அங்கேயோ அதற்கும் முன்போ இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அப்படியானால், சிலுவை நிகழ்ந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே அது சொல்வடிவம் பெற்றுவிட்டது.

சொல்வடிவம் பெற்றது என்பதால் அது உறைந்துவிட்டது என்று பொருளல்ல. சீடர்களோடு உண்ட கடைசி இரவு உணவான இராப்போஜனத்தில் இயேசு பாத்திரத்தை எடுத்துச் சொன்ன வார்த்தைகள் மாற்கிலும் மத்தேயுவிலும் ஒருவிதமாகவும், பவுலிடமும் லூக்காவிடமும் வேறுவிதமாகவும் இருக்கின்றன. முன்னதில் "இது உடன்படிக்கைக்குரிய என் இரத்தம்" என்னும் கருத்து; பின்னதில் இந்தப் பாத்திரம் தம் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்கிறார். சபை கூடும்போதெல்லாம் சொல்லப்பட்ட, மிகவும் புனிதமாகப் போற்றப்பட்ட வாசகத்துக்கே இரண்டு வடிவங்கள் நிலைத்திருக்கின்றன. உட்பொருளோ இரண்டிலும் அசையவில்லை.

இந்தத் தன்மையை விளக்க முயன்ற புதிய ஏற்பாட்டு ஆய்வாளர்கள் பலர். மரபுக்கு உருக்கொடுத்தது சபைகளின் தேவையே என்றார் ருடால்ஃப் புல்ட்மன் (1921). யூத மத ஆசிரியர்களான ரபிகளின் சீடர்களைப் போல மனப்பாடமாகவே அது கடத்தப்பட்டது என்றார் பிர்கர் கெர்ஹார்ட்சன் (1961). விவரங்களில் சொல்பவருக்குச் சுதந்தரம் உண்டு, கருவை மாற்றினால் கேட்டிருப்பவர்கள் திருத்திவிடுவார்கள் என்பது கென்னத் பெய்லியின் விளக்கம் (1991). இராப்போஜன வாசகத்தோடு நன்கு பொருந்துவது பெய்லியின் விளக்கமே என்பது என் கருத்து. எனினும் அவர் கண்டது இருபதாம் நூற்றாண்டு மத்தியகிழக்கின் கிராமங்களை. அதை முதல் நூற்றாண்டுக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும்.

சுவிசேஷங்கள் எழுதப்பட்ட பின் நடந்தது இன்னும் கவனத்துக்குரியது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய துருக்கியில் இருந்த எராப்போலி நகரின் ஆயராக இருந்த பப்பியாஸ், மாற்கின் எழுத்தை அறிந்தவர். அப்படியிருந்தும், நூல்களிலிருந்து கிடைப்பதைவிட உயிருள்ள, நிலைத்து நிற்கும் குரலிலிருந்து கிடைப்பதே தமக்குப் பெரும்பயன் தரும் என்று எழுதினார். மூத்தவர்களோடு பழகியவர் எவரேனும் வந்தால், அந்திரேயா என்ன சொன்னார், பேதுரு என்ன சொன்னார் என்று விசாரித்தார். பின்னாளில் லியோன் நகரின் ஆயரான ஐரேனியஸ், தாம் சிறுவனாக இருந்தபோது சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப்பு உட்கார்ந்து பேசிய இடத்தையும், இயேசுவின் சீடர் யோவானோடு பழகியதைப் பொலிகார்ப்பு விவரித்த விதத்தையும் முதுமையிலும் மறக்கவில்லை. கேட்டவற்றைத் தாளில் அல்ல, நெஞ்சிலேயே குறித்துக்கொண்டதாகச் சொல்கிறார். இவ்விரு சாட்சியங்களையும் நமக்குக் காப்பாற்றித் தந்தவர் நான்காம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ்.

எழுதப்பட்டவையும் காதுக்காகவே எழுதப்பட்டன. தம் நிருபத்தைச் சகோதரர் யாவருக்கும் வாசித்துக்காட்டும்படி தெசலோனிக்கேயருக்குப் பவுல் ஆணையிடுகிறார். வெளிப்படுத்தின விசேஷம் வாசிப்பவனையும் கேட்பவர்களையும் சேர்த்தே பாக்கியவான்கள் என்கிறது. பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலம் அது.

குரலிலிருந்து ஏட்டுக்குத் தாமதமாக வந்து சேர்ந்த ஒன்றை இன்றும் நாம் கையில் வைத்திருக்கிறோம். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சி யோவான் 8ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஆனால் சினாய், வத்திக்கான் பிரதிகள் போன்ற பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை. சில கையெழுத்துப் பிரதிகளில் லூக்கா 21க்குப் பின்னும், வேறு சிலவற்றில் யோவானின் இறுதியிலும் இடம்பெற்றிருக்கிறது. எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று எழுத்தர்களுக்குத் தெரியவில்லை. விட்டுவிடவும் மனம் வரவில்லை. பழைய பிரதிகளில் இல்லாததால் அதை அடிக்குறிப்புக்குத் தள்ள வேண்டும் என்போரின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆயினும், சொல்லக் கேட்டவர்கள் அதில் இயேசுவை அடையாளம் கண்டதனால்தான் அந்த நிகழ்ச்சி பிழைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது பக்கத்தின் நடுவிலேயே இருக்கட்டும்.