கச்சானா, வாடையா?

மண்டபம் தாண்டியதும் பெட்டியில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். நானும்தான். கடல்மேல் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலம். பக்கத்திலேயே 1914-ல் திறந்த பழையது துருவேறி நின்றது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதியை ஆட்கள் கையால் திருகித் திறப்பார்கள். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நாங்கள் வேடிக்கை பார்ப்போம். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகுமாம். அன்றைக்குக் கப்பல் எதுவும் வரவில்லை.

அப்பாவுக்கு மாற்றல் வந்து 1996-ல் பாம்பனை விட்டுப் போனோம். அதற்கப்புறம் இப்போதுதான் வருகிறேன்.

ராமேஸ்வரத்தில் இறங்கி, பஸ்ஸில் பாம்பனுக்குத் திரும்பி வந்தேன். நிறுத்தத்தில் நானும் என் பள்ளித் தோழனும் போனைக் காதில் வைத்தபடி, எதிரில் நிற்பவனை விட்டுவிட்டு எங்கேயோ தேடிக்கொண்டிருந்தோம்.

"வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்றான். நானும் "நீங்க?" என்றேன். ஒரே கமர்கட்டைக் கடித்துப் பங்கு போட்டவர்கள்! பைக்கில் ஏறிய பிறகும் பேச்சு நகரவில்லை. பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள், சரி.

சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினான். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. காற்று ஆளைத் தள்ளியது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வாடை பலமா அடிக்குதே" என்றேன்.

திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். "வைகாசியில ஏதுடா வாடை? இது கச்சான்டா! பாம்பன்ல வளர்ந்தவன் பேசுற பேச்சா இது?"

அப்பாடா, 'டா' வந்துவிட்டது. பிறகு ஒரே பாடம்தான். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடித்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் தலைகீழ். கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி இழுத்துப் போய்க் காட்டினான். உண்மைதான், இரண்டு நிறத்தில் இரண்டு கடல்.

வீட்டில் நண்டுக் குழம்பு. அவன் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். சொன்னேன்.

"வாசல்ல முருங்கை நின்ன வீடா? நல்லாக் காய்க்குமே. அது விழுந்துபோச்சேப்பா."

என்னை அவருக்கு ஞாபகமே இல்லை.