டேங்க் பார்க்கப் போன கதை

"அண்ணே, டேங்க் பார்க்கணும். போகலாமா?"

திருகோணமலை ரயில் நிலைய வாசலில் நான் கேட்டது இவ்வளவுதான். கொழும்பு கோட்டையில் இரவு ஏறிய ரயில், கல்லோயா சந்தியில் ஒரு தடவை விழிப்பு, பிறகு விடிந்தபின் இங்கே. கண்ணில் தூக்கம் மிச்சமிருந்தது. ஓட்டோக்கார அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாங்கியோ? அது சீனக்குடாவிலயெல்லோ இருக்கு. ஏறுங்கோ, போவம்."

நான் போக நினைத்தது உவர்மலைக்கு. அங்கே ஒரு ராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது, கவச வண்டி ஏதாவது நிற்கும் என்று ஒரு நப்பாசை. ஆவடியில் பிறந்தவனுக்கு டேங்க் என்றால் பீரங்கி வைத்தது. மாடியில் தண்ணீர் ஏற்றுவதும் டேங்க்தான் என்பது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து ஓட்டோ நின்றது. இறங்கிப் பார்த்தால், மரங்களுக்கு நடுவே யானை முதுகு மாதிரி உருண்டு திரண்டு நிற்கிறது ஓர் எண்ணெய்த் தொட்டி. அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"இதுதான் தாங்கி" என்றார் அண்ணன். பிழை என்னுடையது. இலங்கைத் தமிழில் தொட்டி என்றால் தாங்கி, சண்டைக்குப் போவது ராங்கி. நான் சொன்ன 'டேங்க்' இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

வந்ததுதான் வந்தோம் என்று சுற்றிப் பார்க்கலாமென்றால், கேட்டிலேயே காவலாளி கையைக் காட்டிவிட்டார். சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டியவை இவை, மொத்தம் 101. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலிட்டர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானம்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதும் அதே நாள்தான். அன்றைக்கு இங்கே ஒரு தாங்கி எரிந்து போனது. அடிபட்ட விமானத்தை விமானியே கொண்டுவந்து மோதினான் என்று ஊரில் சொல்கிறார்கள். பிற்காலத்தில் இன்னொன்றும் கணக்கிலிருந்து கழிந்து, இப்போது நிற்பவை 99.

எதிரில் ஒரு தேத்தண்ணிக் கடை. இரண்டு பிளேன்டீ, ஒரு தட்டில் உளுந்து வடை. சீனியை டீயில் போடாமல் தனியாகக் கையில் கொடுத்தார்கள், கடித்துக்கொண்டு குடிக்க. அங்கே உட்கார்ந்துதான் நான் தேடி வந்தது எந்த டேங்க் என்று விளக்கினேன். அண்ணன் சிரித்தார். "ராங்கி பாக்கவோ ஒருத்தர் இந்தியாவில இருந்து வாறது?"

வரவேண்டிய காரணம் அப்பா. ஆவடி டேங்க் ஃபாக்டரியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முழுப் பெயர் ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபாக்டரி, 1961-ல் தொடங்கியது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 1965 கடைசியில் முதல் விஜயந்தா அங்கிருந்து வெளியே வந்தது. அப்பா வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு. விஜயந்தா, அதன்பின் டி-72 என்று அவர் கைபட்டுப் போன வண்டிகளுக்குக் கணக்கில்லை. போர்க்களத்தை மட்டும் அவர் பார்த்ததே கிடையாது. ஆனால் ஒரு கவசப் படை எப்படி அடுக்கப்பட்டிருக்கும் என்பதைத் தரையில் தீப்பெட்டி பரப்பி எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மூன்று தீப்பெட்டி ஒரு ட்ரூப். ஒன்று நகரும்போது மற்றவை குறி பார்த்து நிற்கும், அதனால்தான் தனியாக ஒரு வண்டியை அனுப்புவதில்லை. நான்கு ட்ரூப் சேர்ந்தால் 12. அவற்றை நடத்தும் மேஜரின் தலைமைக்கு 2. ஆக, ஒரு ஸ்குவாட்ரனுக்கு 14. இப்படி மூன்று ஸ்குவாட்ரன் 42. கர்னலோடு ரெஜிமெண்ட் தலைமைக்கு 3. மொத்தம் 45. வீட்டில் 45 தீப்பெட்டி ஏது? தெருப் பையன்களிடம் காலிப் பெட்டி வாங்கிச் சேர்த்தேன். மூன்று ரெஜிமெண்ட் ஒரு பிரிகேட் என்று அப்பா அடுத்த படிக்குப் போனபோது, அம்மா வந்து துடைப்பத்தால் மொத்தப் படையையும் ஒரு மூலைக்குத் தள்ளினாள். டிவிஷன் வரை நாங்கள் போனதே இல்லை.

டீக்கடைப் பெஞ்சில் நான் அதையே வடைத் துண்டு வைத்துக் காட்டினேன். அண்ணன் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு ட்ரூப்பைத் தின்றுவிட்டார்.

இந்தப் பெயர்களெல்லாம் குதிரைக் காலத்து மிச்சம். மற்றப் படைகளில் சிப்பாய் என்றால் கவசப் படையில் சவார். ஹவில்தாருக்குப் பதில் தபேதார். ஆமாம், நம் ஊரில் கலெக்டருக்கு முன்னால் தலைப்பாகையோடு நடக்கும் அதே தபேதார்தான். சுபேதாருக்குப் பதில் ரிசால்தார். குதிரையை விட்டு இறங்கி இரும்புக்குள் ஏறியவர்கள் பட்டத்தை மட்டும் விடவில்லை. இந்தியக் கவசப் படையில் மூத்ததாகச் சொல்லப்படும் 16-வது லைட் கேவல்ரி 1776 வாக்கில் ஆற்காட்டு நவாபிடம் குதிரைப்படையாக இருந்தது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கைக்குப் போனது. இன்றும் தென்னிந்தியர்கள் சேரும் ரெஜிமெண்ட் அது. 1965 செப்டம்பரில் சியால்கோட் பக்கம் பிலோராவில் நடந்த டேங்க் சண்டையில் செஞ்சூரியன் டேங்குகளோடு இருந்தார்கள். பஞ்சாப் வயலில் 'டேய், வலது பக்கம் பாருடா' என்று வயர்லெஸ்ஸில் யாராவது தமிழில் கத்தியிருப்பார்களா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இலங்கைக் கவசப் படையும் அதே பிரிட்டிஷ் தையல்தான், ஸ்குவாட்ரன், ட்ரூப் எல்லாம் உண்டு. 1955-ல் சின்னதாகத் தொடங்கினார்கள். ஃபெரட், சலாடின் போன்ற சக்கர வண்டிகளோடு நெடுங்காலம் ஓட்டினார்கள். சங்கிலி மாட்டிய டி-55 அவர்களிடம் வந்தது 1990-களின் தொடக்கத்தில்தான்.

அதற்கு முன்பே இந்தத் தீவில் டி-72 ஓடியது. இந்திய ராணுவத்தினுடையது. ஓர் ஒப்பந்தத்தின்படி அமைதிப் படை என்ற பெயரில் வந்தது.

இங்கே ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு கடிதங்களும் பரிமாறப்பட்டன. அவற்றில், திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை இரண்டு நாடும் கூட்டாகச் சீரமைத்து நடத்துவது என்று ஒரு வரி இருக்கிறது. அதாவது, நான் தவறுதலாக வந்து சேர்ந்த இந்தத் தாங்கியும், தேடிவந்த ராங்கியும் ஒரே காகிதக் கட்டிலிருந்து புறப்பட்டவை. ராங்கி சில மாதங்களில் வந்துவிட்டது. தாங்கி விஷயம் இழுத்து இழுத்து, 99-ஐயும் பங்கு பிரித்துக் கையெழுத்தானது 2022 ஜனவரியில்!

அமைதிப் படையின் 36-வது டிவிஷன் திருகோணமலையில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் 54-வது டிவிஷன். 1987 அக்டோபரில் அங்கே புலிகளோடு சண்டை வெடித்தபோது 65-வது கவச ரெஜிமெண்டின் டி-72-கள் இறங்கின. 41 டன் எடை, உள்ளே மூன்றே பேர். சமவெளியில் கூட்டமாகப் பாயவென்று செய்த வண்டி, யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்குள், அதாவது குறுகிய சந்துக்குள், நுழைந்தது. சாலையெங்கும் கண்ணிவெடி. அதனால் தண்டவாளத்தின் மேலேயே டேங்கை ஓட்டிப் போயிருக்கிறார்கள். தீப்பெட்டிப் பாடத்தில் அப்பா தண்டவாளம் வைக்கவில்லை.

"நான் யாழ்ப்பாணம் கொக்குவில் ஆள், தம்பி. கலியாணம் கட்டித்தான் இங்க வந்தனான்" என்றார் அண்ணன், திடீரென்று.

அவருக்கு அப்போது 12 வயது. ராங்கியைக் கண்ணால் பார்க்கவில்லையாம்.

"சத்தம்தான். முதல்ல நிலம் அதிரும். அம்மம்மா அடுப்படியில உறி கட்டி வச்சிருந்தவ. அந்த உறியில சட்டி மெல்ல ஆடும். சட்டி ஆடினா அம்மா எங்களை இழுத்துக்கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழ விடுவா. கன நேரம் கழிச்சுத்தான் சத்தம் காதில விழும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. டெஸ்ட் டிராக்கில் வண்டி ஓடும் நாளில் அதற்குள் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். "அப்பா வண்டி ஓடுது" என்று வாசலுக்கு ஓடுவோம்.

"அப்ப, உங்கட அப்பா செய்த ராங்கியோ அது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, விவரம் கேட்கிற மாதிரிதான். எனக்குத் தெரியாது என்றேன். அவர் மிச்ச வடையை என் பக்கம் நகர்த்தினார்.

உவர்மலைக்குப் போனபோது நேரம் கடந்து கதவைச் சாத்தியிருந்தார்கள். சாயங்காலம் கோணேசர் கோயிலுக்கு நடந்தேன். பிரெட்ரிக் கோட்டைக்குள் புகுந்துதான் போக வேண்டும். 1620-களில் போர்த்துக்கீசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே வைத்துக் கட்டிய கோட்டை. பாண்டியரின் இணைக்கயல் சின்னம் வாசல் கல்லில் இன்னும் இருக்கிறது. உள்ளே இப்போதும் ராணுவ முகாம்தான். சீருடைப் பையன் ஒருவன் தன் பிஸ்கட்டைப் புள்ளிமானுக்கு நீட்டிக்கொண்டிருந்தான். இராவணன் வெட்டுக்கு அருகில் நின்று கடலைப் பார்த்தேன். அமைதிப் படையின் கடைசிக் கப்பல் 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்துதான் புறப்பட்டது.

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"டேங்க் பார்த்தியாடா? எத்தனை நின்னுச்சு?"

"99."

ஒரு நொடிகூட ஆகவில்லை. "ரெண்டு ரெஜிமெண்ட், மேல மூணு ட்ரூப். அவ்வளவு எதுக்கு அந்த ஊருக்கு?"

எண்ணெய் டேங்க் என்று விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கொக்குவில் உறியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், போனில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவருக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது.

"பிரிட்டிஷ்காரன் கட்டினதுன்னா, தகடு சேர்த்தது வெல்டிங்கா, ரிவெட்டா? பார்த்தியா?"

பார்க்கவில்லை. அந்த அண்ணன் நம்பர் இருக்கிறது, காலையில் கூப்பிட வேண்டும்.