கல்லூரிச் சுகாதார மையத்தில் வேலை பார்ப்பவர் எங்கே கற்றுக்கொள்வது?

கல்லூரிச் சுகாதார மையம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது காய்ச்சல் மாத்திரையும், விளையாட்டில் சுளுக்கிய கணுக்காலுக்குப் போடும் கட்டும்தான். அங்கே நர்ஸாகப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். "பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் இன்னும் நிறையக் கற்றிருக்கலாமே" என்று தெரிந்தவர்கள் இன்றும் கேட்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. பெரிய மருத்துவமனையில் சந்தேகம் வந்தால் பக்கத்து வார்டுக்குப் போய்க் கேட்கலாம். சீனியர்கள் இருப்பார்கள், டூட்டி மருத்துவர் இருப்பார், அடிக்கடி ஏதாவது வகுப்பு நடக்கும். எங்கள் மையம் போன்ற இடத்தில் ஒரு மருத்துவர், சில நர்ஸ்கள், ஓர் உளவியல் ஆலோசகர், ரிசப்ஷனில் ஒருவர், அவ்வளவுதான். மருத்துவர் கிளம்பிய பிறகு யார் டூட்டியில் இருக்கிறாரோ அவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

வேலையோ சின்ன வேலை இல்லை. வீட்டைவிட்டு முதன்முறையாக வெளியே வந்த ஒரு பிள்ளை, பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் தன் உடம்பைப் பற்றித் தானே வாய்திறந்து பேசும் முதல் இடம் பெரும்பாலும் எங்கள் அறைதான். ஒரே காலையில் ஒவ்வாமைத் தடிப்பு, மாதவிடாய் வலி, பால்வினை நோய் வந்திருக்குமோ என்ற பயம், தூக்கமே வராத ஒருவர், நேற்றிரவு அளவுக்கு மீறிக் குடித்த நண்பனைப் பற்றிக் கேட்க வந்த இன்னொருவர் என்று வரிசையாக வருவார்கள். இத்தனையையும் சேர்த்து நர்சிங் படிப்பில் எனக்கு யாரும் நடத்தியதில்லை. வேலைக்கு வந்த பிறகு தேடிப் பிடித்துக் கற்றதுதான் முக்கால்வாசி.

ஆரம்பத்தில் நானும் எல்லோரையும் போலத்தான் கற்றேன். நர்ஸ் பதிவைப் புதுப்பிக்கப் பயிற்சி மணிநேரம் வேண்டும், அதற்கு வெபினார் பார்ப்பது, கடைசியில் வரும் கேள்விகளுக்கு விடை குறிப்பது, சான்றிதழை அச்செடுத்துக் கோப்பில் வைப்பது. வெபினாரைக் குறை சொல்ல மாட்டேன். புதிய தடுப்பூசிப் பரிந்துரை, மாறிய மருந்து அளவு போன்றவற்றைத் தெரிந்துகொள்ள அதைவிட வசதியான வழி இல்லை. ஆனால் ஒரு மாணவி எதிரில் உட்கார்ந்து அழும்போது நம் வாயிலிருந்து எந்தச் சொல் வர வேண்டும் என்பதைத் திரையைப் பார்த்துக் கற்க முடியாது.

மனச்சோர்வைக் கண்டறிய நாங்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2001ல் வெளியான படிவம் அது. கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. எண்களைக் கூட்டுவதற்குப் பயிற்சியே வேண்டாம். ஒன்பதாவது கேள்வியில்தான் கை நடுங்கும். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று அது கேட்கிறது. அங்கே ஒரு மாணவர் பூஜ்யத்தைத் தவிர வேறு எதைக் குறித்தாலும், படிவத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

மனநல முதலுதவிப் பயிற்சி ஒன்றில் அதைப் பழகினோம். இந்தப் பயிற்சியை 2000ல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் அவர் கணவர் அந்தோனி ஜோர்மும் தொடங்கினார்கள். இப்போது பல நாடுகளில் நடக்கிறது. பயிற்றுநர் எங்களை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்து, "தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" என்று ஒருவரையொருவர் நேராகக் கேட்கச் சொன்னார். அறையில் இருந்த எல்லோரும் மருத்துவத்துறைக்காரர்கள்தான். இருந்தும் முதல் தடவை ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. "அந்த மாதிரி ஏதாவது தோணுதா", "தப்பா எதுவும் யோசிக்கலையே" என்று சுற்றி வளைத்தோம். "தப்பா யோசிக்கலையே என்று கேட்டால் இல்லை என்றுதானே பதில் வரும்? நீங்களே பதிலைச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்களே" என்றார் பயிற்றுநர். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். கேள்வியை முடித்ததும் அடுத்த வாக்கியத்துக்குத் தாவாமல் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார். அந்தக் காத்திருப்புதான் இருப்பதிலேயே கடினம். நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது, கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நான் அதை முன்பே படித்திருந்தேன். படித்தது என்னைக் கேட்க வைக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழகியதுதான் கேட்க வைத்தது.

அப்புறம் தொழில் சங்கங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எங்களைப் போலத் தனித்தனியே சிதறிக் கிடப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை. மாணவர் உடல்நலத்தைக் கல்லூரியின் பொறுப்பாக எடுத்துக்கொண்ட முன்னோடிகளில் ஒருவர் எட்வர்ட் ஹிட்ச்காக். 1861ல் அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் பொறுப்பேற்று, மாணவர்களின் உயரம், எடை, உடல்நிலையை ஆண்டுதோறும் அளந்து குறித்துவைத்தார். இந்த வேலையில் இருப்பவர்களுக்கென்று 1920ல் அமெரிக்காவில் ஒரு சங்கம் உருவானது. இன்று அமெரிக்கக் கல்லூரிச் சுகாதாரச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. ஆண்டு மாநாடு, நர்ஸ்கள், மருத்துவர்கள், ஆலோசகர்கள், நலக்கல்வியாளர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பிரிவு, 2000 முதல் நடத்திவரும் மாணவர் நலக் கணக்கெடுப்பு எல்லாம் அதற்கு உண்டு. வேறு இடங்களில் இப்படி ஒரே கூரை இல்லாவிட்டாலும் நர்சிங் சங்கம், உளவியல் ஆலோசகர் சங்கம், பொதுச் சுகாதாரக் கூட்டமைப்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

உறுப்பினராகி, சந்தா கட்டி, வரும் செய்திமடலைப் படிப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதற்கு அடுத்த படி ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்குவது. நான் வாங்கியது மாநாட்டுக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பிடும் வேலை. சுருக்கம் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். மதிப்பெண் போட ஒரு பட்டியல் தருவார்கள். தலைப்பு கவர்ச்சியாக இருந்தால் மயங்கிவிடக் கூடாது என்று அங்கேதான் கற்றேன். "கலந்துகொண்டவர்களில் 90 சதவீதம் பேர் பயனடைந்தனர்" என்று ஒருவர் எழுதியிருந்தால், எத்தனை பேரில் 90 சதவீதம், பாதியில் எழுந்து போனவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா, பயனடைந்தார்கள் என்று முடிவு செய்தது யார் என்று கேட்கப் பழகினேன். சரி, இதே கேள்விகளை எங்கள் மையத்தின் ஆண்டறிக்கையிடமும் கேட்கலாமே என்று அப்புறம் தோன்றியது. வந்துபோன மாணவர்களின் எண்ணிக்கையை மட்டும் போட்டுவந்த அறிக்கையில், மறுபடி வரச் சொன்னவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள் என்ற கணக்கையும் சேர்த்தோம்.

இன்னொன்று, பல கல்லூரி மையங்கள் சேர்ந்து இணையத்தில் நடத்தும், நோயாளர்களைப் பற்றிய கலந்துரையாடல். ஒருவர் ஒரு நிகழ்வைச் சொல்வார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். மாணவரின் பெயர், துறை, விடுதி எதுவும் வரக்கூடாது. அடையாளம் தெரியும் எந்தத் தகவலையும் மாற்றிவிட வேண்டும். ஒரு முறை பேச்சு மூளைக்காய்ச்சல் பக்கம் போனது. விடுதியில் நெருக்கமாக வாழ்பவர்களிடையே அதை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி பரவும் வாய்ப்பு அதிகம் என்பதால் கல்லூரி மையங்களுக்கு அது எப்போதுமே ஒரு பயம். முதல் சில மணிநேரத்தில் சாதாரண ஃப்ளூ போலவே இருக்கும். உடம்பில் தடிப்பு வந்தால் ஒரு கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் நிறம் மறையாவிட்டால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தடிப்பே இல்லாமலும் நோய் இருக்கலாம் என்பதால் அதற்காகக் காத்திருக்கவும் கூடாது.

2013ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இந்தக் கிருமியின் பி வகை பரவியது பற்றி அன்று விரிவாகப் பேசினோம். பி வகைக்கான தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அப்போது உரிமம் கிடைத்திருக்கவில்லை. சிறப்பு அனுமதி பெற்று அந்த டிசம்பரில் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குப் போட்டார்கள். எங்கள் கேள்விகளெல்லாம் அதன் நடைமுறையைச் சுற்றியே இருந்தன: வரிசையை எங்கே தொடங்குவது, ஒப்புதல் படிவத்தை யார் சரிபார்ப்பது, ஊசி போட்ட பிறகு மயங்கி விழாமல் இருக்க 15 நிமிடம் உட்கார வைக்க அத்தனை நாற்காலிக்கு எங்கே போவது. அந்தப் பேச்சிலிருந்து எழுதிக்கொண்ட குறிப்புகளை வைத்துத்தான் எங்கள் தடுப்பூசி முகாம்களின் வரைபடத்தைப் போட்டோம். உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் தனித்தனி. கண்காணிப்பு நாற்காலிகள் வெளியேறும் வழியை ஒட்டி, ஒரு நர்ஸின் கண்பார்வையில். கடும் ஒவ்வாமை வந்தால் போடும் அட்ரினலின் ஊசிப் பெட்டி அந்த நர்ஸின் மேசை மேலேயே, பூட்டிய அலமாரியில் வேண்டாம்.

கல்லூரிக்குள்ளேயே இருக்கும் வாய்ப்புகளை நாம் பலரும் வளர்ச்சி என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. 2015ல் கனடாவின் கெலோனா நகரில் நடந்த சர்வதேச மாநாட்டில் ஒகனாகன் சாசனம் உருவானது. வளாக வாழ்க்கையின் எல்லாப் பக்கங்களிலும், நிர்வாகத்திலும் பாடத்திட்டத்திலும்கூட, உடல்நலத்தைப் பற்றிய யோசனை கலந்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறது அது. கேட்கப் பெரிய வார்த்தையாக இருக்கும். எங்கள் இடத்தில் அது பரீட்சைக் குழுக் கூட்டத்தில் ஒரு நாற்காலியாக வந்தது. மாணவர்கள் பாடப் பணிகளைச் சமர்ப்பிக்கக் கடைசி நேரம் நள்ளிரவு என்று பல துறைகள் வைத்திருந்தன. மறுநாள் காலை தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, அளவுக்கு மீறிக் குடித்த எனர்ஜி டிரிங்க் என்று எங்களிடம் வருபவர்களைப் பற்றி, பெயர் எதுவும் இல்லாமல், அந்தக் கூட்டத்தில் சொன்னேன். ஒரு பேராசிரியர் தன் பாடத்துக்கு மாலை 5 மணி என்று மாற்றினார். வேறு சிலரும் மாற்றினார்கள். மாற்றாதவர்களும் இருக்கிறார்கள். மருந்தறையில் உட்கார்ந்தபடி நான் செய்திருக்கவே முடியாத வேலை அது. பேராசிரியர்களின் முன் இரண்டு நிமிடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கும் திறமையும் அங்கே உட்கார்ந்துதான் வந்தது.

இந்த வாய்ப்புகள் யாருக்குப் போகின்றன என்பதில் எனக்கு நீண்ட நாள் வருத்தம். பெரும்பாலான இடங்களில் பயிற்சிக்கு முதலில் மருத்துவரும் இயக்குநரும் போவார்கள். இடம் மிச்சமிருந்தால் நர்ஸ். ரிசப்ஷனில் இருப்பவரை யாரும் நினைப்பதே இல்லை. ஆனால் மாணவரை முதலில் பார்ப்பது அவர்தான். எங்கள் ரிசப்ஷன் அக்கா ஒரு மாணவனைப் பற்றி ஒருநாள் என்னிடம் வந்து சொன்னார்: "சிஸ்டர், அந்தத் தம்பி மூணு தடவை கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறான். சளின்னு எழுதியிருக்கான், ஆனா ஒரு தடவைகூட இருமவே இல்லை." எழுதியிருந்த சளியை மட்டும் பார்த்திருந்தால் அவனை ஐந்து நிமிடத்தில் அனுப்பியிருப்போம். அன்று ஆலோசகர் அவனோடு ஒரு மணிநேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். இந்தக் கண் அவருக்கு இயல்பாகவே இருக்கிறது. அதற்கு மேல் என்ன செய்வது, எந்தச் சொல்லைத் தவிர்ப்பது, காத்திருப்பவர்கள் காதில் விழாமல் எப்படிக் கேட்பது என்பதற்குப் பயிற்சி வேண்டும். மனநல முதலுதவி என்பதே மருத்துவத்துறை சாராதவர்களுக்காக உருவானதுதான். அவரை அனுப்ப ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

காசு ஒரு தடைதான். ஆனால் என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய தடை, போனவரின் இடத்தில் யார் உட்காருவது என்பது. அதனால் பயிற்சிக்கு அனுமதி கேட்டுப் போகும் சக ஊழியர்களிடம் நான் சொல்வது இதுதான்: வெறும் விண்ணப்பத்தோடு போகாதீர்கள். அன்றைய டூட்டிக்கு மாற்று ஏற்பாட்டை எழுதிக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் எந்த நாளில், எவ்வளவு நேரம் மற்றவர்களுக்குச் சொல்லித் தருவீர்கள் என்றும் அதிலேயே எழுதுங்கள். மாநாடு என்றால் செமஸ்டர் நடுவில் வருவதைவிட விடுமுறையில் வருவதைத் தேர்ந்தெடுங்கள். போகவே முடியாதவர்கள் மேற்சொன்ன சுருக்க மதிப்பீடு, கலந்துரையாடல் போன்றவற்றை உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம். நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை: மாதம் ஒரு மணிநேரத்தைக் கற்றலுக்கென்று டூட்டி அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். நோயாளிகள் குறைந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த மணிநேரம் வருவதே இல்லை.

எங்கள் மையத்தில் இப்போது அந்த ஒரு மணிநேரம் அட்டவணையில் இருக்கிறது. எல்லோரும் முறைவைத்து நடத்துகிறோம். அடுத்த மாதம் ரிசப்ஷன் அக்காவின் முறை. வரிசையில் காத்திருக்கும் மாணவர்களிடம் எதைக் கவனிக்க வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு. மருத்துவரும் குறிப்பேட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.